9 மி.மீ. என்று எழுதப்பட்ட ஒரு பிஸ்டல்: ‘தடை செய்யப்பட்ட ஆயுதம்’ என்ற வகைப்பாடு பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஊர், காவல் நிலையம், ஆட்கள் யாருடைய பெயரும் இதில் இல்லை. ஆயுதச் சட்ட வழக்குகளைக் கையாளும் இளம் வழக்கறிஞர்களுக்கும் விசாரணை அதிகாரிகளுக்கும், வீட்டில் பழைய துப்பாக்கி வைத்திருக்கும் முன்னாள் ராணுவத்தினர் குடும்பங்களுக்கும் இது பயன்படும்.

பின்னணி

தமிழகத்தின் வட மாவட்டம் ஒன்றில், மூன்று தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய ஊர். இந்தக் குடும்பத்துத் தாத்தா இரண்டாம் உலகப் போரில் இத்தாலிப் போர்முனையில் இருந்தவர். இந்தியப் படையின் 4, 8, 10-ஆம் டிவிஷன்கள் அங்கே போரிட்டன. திரும்பி வந்தபோது எதிரிப் படையினரிடமிருந்து கிடைத்த ஒரு பிஸ்டலை அவர் கொண்டுவந்தார். அப்போது அமலில் இருந்த 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி அதற்கு உரிமம் வாங்கினார். 1959-ஆம் ஆண்டுச் சட்டம் 1962 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்த பிறகும் உரிமம் தொடர்ந்தது. அவர் காலமானதும் மகனுக்கு வாரிசு அடிப்படையில் கலெக்டர் உரிமம் கொடுத்தார். மகனும் தவறாமல் புதுப்பித்து வந்தார். தேர்தல் வரும்போதெல்லாம் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டார்.

கடைசிப் புதுப்பித்தல் 2020 முடியும் வரை செல்லும். 2021 கொரோனா இரண்டாம் அலையில் மகன் இறந்துபோனார். வீட்டில் அவருடைய மனைவியும் இருபத்தைந்து வயதை ஒட்டிய ஒரு பையனும் மட்டும்தான். துப்பாக்கி விஷயம் முழுவதும் அந்த மனிதரின் தலையிலேயே இருந்தது. தகரப் பெட்டி பரண்மேல் கிடந்தது.

2024 கடைசியில் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது பையன் பெட்டியைத் திறந்தான். எண்ணெய்த் துணியில் சுற்றிய பிஸ்டல், பச்சை பூத்த சில தோட்டாக்கள், ஒரு காக்கி உறையில் தாத்தாவின் பதக்கங்கள். ஒரு போட்டோ எடுத்து உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டான். “தாத்தாவோட பிஸ்டல், என்ன செய்யலாம்?” என்பதுதான் கூடவே எழுதிய வரி. அந்த வரி விடுபட்டு, போட்டோ மட்டும் ஊருக்குள் சுற்றியது. இரண்டாம் நாள் மாலை போலீஸ் வந்தது.

சித்தி ஒருவர் அதற்கு முன்பே, “பேசாம கிணத்துல போட்ருங்க அக்கா” என்று சொல்லியிருக்கிறார். அம்மா கேட்கவில்லை. “உங்க மாமனார் பொருளு, கணக்குல இருக்கிறது, நாளைக்கு யாராவது கேட்டா என்ன சொல்றது” என்று மறுத்துவிட்டார். பின்னால் இந்த வழக்கு நின்ற இடமே அந்த மறுப்புதான். பிஸ்டல் கையில் இல்லாமல் போயிருந்தால், அது என்ன வகை என்று நிரூபிக்க வழியே இருந்திருக்காது; தடயத்தை மறைத்த குற்றமும் சேர்ந்திருக்கும்.

கைப்பற்றும்போது பதிவானவை

மகஜரில், அதாவது கைப்பற்றிய பொருளைச் சாட்சிகள் முன் பதிவு செய்யும் ஆவணத்தில், இருந்த விவரம் நான்கே வரி. ‘இத்தாலி நாட்டுத் தயாரிப்பு, 9 எம்.எம். பிஸ்டல் ஒன்று, மேகசினுடன், கைப்பிடியில் பி.பி. என்ற எழுத்துகள்; 9 எம்.எம். தோட்டாக்கள், உரிமம் காலாவதி.’ எஃப்.ஐ.ஆர். ஆயுதச் சட்டம் 7-ஆம் பிரிவு (தடை செய்யப்பட்ட ஆயுதம் வைத்திருப்பது), அதோடு சேர்த்து அதற்கான தண்டனைப் பிரிவு 25(1ஏ). ரிமாண்ட் மனுவில் ‘தடை செய்யப்பட்ட பி.பி. வகை ஆயுதம்’ என்று ஏறியிருந்தது.

அந்த எழுத்துகளைப் பற்றி ஒரு விளக்கம். இத்தாலிய பெரெட்டா நிறுவனத்தின் அக்காலப் பிஸ்டல்களில் கைப்பிடிப் பட்டையின் அடியில் பியெத்ரோ பெரெட்டா என்ற நிறுவனப் பெயரின் முதலெழுத்துகளாக ‘பி’யும் ‘பி’யும் பின்னிய முத்திரை இருக்கும். நம் அலுவலகங்களில் அதே இரண்டு எழுத்துக்கு வேறு பொருள்: ‘புரொஹிபிட்டட் போர்’, தடை செய்யப்பட்ட குழல் அளவு. மகஜர் எழுதியவர் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினார். அதை வைத்து ரிமாண்ட் மனு தயாரித்தவர் பிஸ்டலைப் பார்க்கவே இல்லை. ‘9 எம்.எம்.’ என்ற சொல் பக்கத்திலேயே இருந்ததால் சந்தேகமும் வரவில்லை.

பையனை மாஜிஸ்திரேட் முன் ஆஜர்படுத்தி நீதிமன்றக் காவலில் வைத்தார்கள். அம்மா மறுநாள் காலை என்னிடம் வந்தார். கையில் கணவரின் கைப்பை. அதில் உரிமப் புத்தகம், தேர்தல் ஒப்படைப்பு ரசீதுகள், இறப்புச் சான்றிதழ் எல்லாம் ரப்பர் பேண்டு போட்டு அடுக்கியிருந்தது. “இதெல்லாம் போலீஸ்காரங்க கேக்கவே இல்ல சார்” என்றார்.

வகைப்பாடு எதையெல்லாம் தீர்மானிக்கிறது

உரிமமில்லாத சாதாரணத் துப்பாக்கி என்றால் 3-ஆம் பிரிவும் 25(1பி)(ஏ)யும். 2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு இதற்குக் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு. தகுந்த காரணத்தைத் தீர்ப்பில் எழுதி, அந்தக் குறைந்தபட்சத்துக்கும் கீழே போக நீதிமன்றத்துக்கு இடமுண்டு. மாஜிஸ்திரேட் நீதிமன்றமே விசாரிக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, 39-ஆம் பிரிவின்படி மாவட்ட மாஜிஸ்திரேட், அதாவது கலெக்டர், முன் அனுமதி கொடுத்தால்தான் வழக்கே நடத்த முடியும்.

தடை செய்யப்பட்ட ஆயுதம் என்றால் எல்லாம் மாறுகிறது. 25(1ஏ)யில் குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் 14 ஆண்டு. விசாரணை செஷன்ஸ் நீதிமன்றத்தில். 39-ஆம் பிரிவின் பாதுகாப்பு 3-ஆம் பிரிவுக் குற்றத்துக்கு மட்டும்தான் உண்டு, 7-ஆம் பிரிவுக்கு இல்லை. ஆகவே கலெக்டரின் மேசைக்கு வராமலேயே வழக்கு நேராகப் போய்விடும். 1988 திருத்தம் சேர்த்த 27(3) இன்னும் கடுமையாக இருந்தது. தடை செய்யப்பட்ட ஆயுதத்தைப் பயன்படுத்தி ஒருவர் இறந்தால் மரண தண்டனை தவிர வேறு இல்லை என்றது. 2012 பிப்ரவரியில்தான் உச்ச நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு முரண் என்று நீக்கியது. இவ்வளவு பாரத்தைத் தூக்கி நிற்கும் ஒரு வகைப்பாட்டை மகஜரின் ஒரே சொல்லில் முடித்துவிடுவது எனக்கு ஒப்பவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2(1)(ஐ) பிரிவு மூன்று வழியைத் தருகிறது. முதலாவது, விசையை அழுத்திப் பிடித்திருக்கும் வரை, அல்லது மேகசின் காலியாகும் வரை, தொடர்ந்து சுடும்படி அமைந்த துப்பாக்கி. இரண்டாவது, நச்சுத் திரவமோ வாயுவோ பாய்ச்சும் ஆயுதம். பீரங்கி, விமான எதிர்ப்பு, டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கிகளையும் இதோடு சேர்த்துச் சொல்கிறது. மூன்றாவது, மத்திய அரசு அரசிதழில் அறிவித்துக் குறிப்பிடும் பிற ஆயுதங்கள்.

நம் பிஸ்டல் ஒரு முறை விசையை இழுத்தால் ஒரு தோட்டாதான் சுடும். அடுத்ததற்கு விரலை விட்டு மறுபடி இழுக்க வேண்டும். ஆகவே முதல் வழி இல்லை. இரண்டாவதுக்குப் பேச்சே இல்லை. மிஞ்சியது மூன்றாவது வழியும், ஆயுத விதிகளின் முதல் அட்டவணையில் உள்ள ஒன்றாம் வகையும். அலுவலகங்களில் ‘பி.பி.’ என்று சொல்வதெல்லாம் நடைமுறையில் இந்த அட்டவணையிலிருந்து வருவதுதான். அதில் பிஸ்டல், ரிவால்வர், கார்பைன் (குட்டைக் குழல் துப்பாக்கி) பற்றிய வரியின் சாரம் இது: .380 அல்லது .455 விளிம்புள்ள தோட்டாவையோ, ராணுவ 9 மி.மீ. அல்லது .445 தோட்டாவையோ அறையில் (குழலின் பின்முனையில் தோட்டா தங்கும் இடத்தில்) ஏற்றிச் சுடக்கூடியவை.

‘9 மி.மீ.’ என்று மட்டும் அந்த வரி சொல்லவில்லை. ராணுவ 9 மி.மீ. என்கிறது. இஷாப்பூர் ரைஃபிள் ஃபேக்டரியில் ராணுவத்துக்கும் போலீசுக்கும் செய்யும் பிஸ்டலும், 9 மி.மீ. கார்பைனும் சுடுவது அந்தத் தோட்டாவைத்தான். அதன் கூட்டின், அதாவது மருந்து அடைத்த உலோக உறையின், நீளம் 19 மி.மீ. படைக்கலக் கிடங்கிலிருந்து கசியும் தோட்டா பொதுமக்கள் கையிலுள்ள துப்பாக்கியில் பொருந்திவிடக் கூடாது என்பதே இந்தத் தடையின் அடிப்படை. அரசுத் தொழிற்சாலையே பொதுமக்களுக்கு .32 பிஸ்டலை விற்பதும் இதே கணக்கில்தான்.

பிஸ்டலின் மேல்பாகத்தில் பொறித்திருந்த வரியை நீதிமன்ற அனுமதியோடு படமெடுத்துப் பெரிதாக்கினோம். நிறுவனத்தின் பெயர், பிறகு ‘கால். 9 கோர்ட்டோ’ (‘கால்.’ என்பது குழல் அளவைக் குறிக்கும் சுருக்கம்), 1934 மாடல், கார்தோனே ஊர்ப் பெயர், 1941 என்ற ஆண்டு, பக்கத்தில் ரோமன் எண்ணில் 19. முசோலினி ஆட்சியில் இத்தாலிப் படைக்கலங்களில் அந்த ஆட்சியின் ஆண்டையும் சேர்த்துப் பொறிப்பார்கள். அந்தப் 19 அதுதான். ‘கோர்ட்டோ’ என்றால் குட்டை. கூட்டின் நீளம் 17 மி.மீ. மட்டுமே உள்ள வேறொரு தோட்டா அது.

எடுத்த முடிவுகளும் காரணமும்

முதல் யோசனையாகக் குடும்பம் சொன்னது, “எண்பது வருஷப் பழசு சார், ஆன்டிக் தானே” என்பது. 45(சி) பிரிவு பழமையான ஆயுதங்களுக்கு விலக்கு தருகிறது என்பது உண்மை. ஆனால் பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடவே முடியாத நிலையில் இருந்தால்தான் அந்த விலக்கு. எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்த பிஸ்டல் சுடும் என்றே எனக்குத் தோன்றியது. விழும் என்று தெரிந்த வாதத்தை முதலில் வைத்தால் அடுத்த வாதத்தின் மதிப்பும் குறையும். அதைத் தொடவில்லை.

இரண்டாவது பாதை அரசிதழ். மகாராஷ்டிரக் கொலை வழக்கு ஒன்றில், அரசிதழில் வெளியாகாத நிர்வாக உத்தரவை வைத்து ஓர் ஆயுதத்தைத் ‘தடை செய்யப்பட்டது’ என்று கொள்ள முடியாது என உச்ச நீதிமன்றம் சொல்லி, 27(3)-இன் கீழ் விதித்த மரண தண்டனையை நீக்கியது. 2003-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்புகளில் அது இருக்கிறது. வலுவான வாதம். ஆனால் அதை எடுத்தால் எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்றம் போக வேண்டும். அட்டவணை விதிகளின் ஒரு பகுதி, விதிகள் அரசிதழில் வந்தவைதானே என்று அரசுத் தரப்பு பதில் சொல்லும். வாதம் நீளும். பையன் உள்ளே இருப்பான். அதனால் அதைக் கையிருப்பில் வைத்துக்கொண்டேன்.

மூன்றாவது பாதையையே முதலில் எடுத்தோம்: பொருள் என்ன என்பதை அளந்து காட்டுவது. பிஸ்டலும் தோட்டாவும், கைப்பற்றிய பொருளை ஒப்படைக்கும் படிவம் 95-இல் நீதிமன்றத்துக்கு வந்ததும், தாமதமில்லாமல் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்பக் கோரி மனு போட்டோம். வழக்கமாக ‘இது சுடும் நிலையில் உள்ள துப்பாக்கியா?’ என்ற ஒரு கேள்வியோடு பொருள் போகும். நாங்கள் கேள்விகளையே எழுதிக் கொடுத்தோம். ஒரு முறை விசையை இழுத்தால் எத்தனை தோட்டா சுடுகிறது? அறையின் நீளம் என்ன? 19 மி.மீ. கூடுள்ள ராணுவத் தோட்டா உள்ளே போய், மேல்பாகம் முழுதாக மூடுமா? கிடைத்த தோட்டாக்களின் கூடு எவ்வளவு நீளம், அடிப்பாகம் விளிம்புள்ளதா, இல்லாததா?

விளிம்பைப் பற்றிய கடைசிக் கேள்விதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. தேர்தல் ரசீதுகள் நமக்குச் சாதகம் என்று அம்மா நம்பியிருந்தார். ஆனால் அவற்றில் ‘.380 பிஸ்டல்’ என்று இருந்தது. குட்டை 9 மி.மீ. தோட்டாவுக்கு .380 என்ற பெயரும் உண்டு என்பதால் எழுதியவர் தவறாக எழுதவில்லை. அட்டவணையிலும் .380 என்ற எண் இருக்கிறதே! ரசீதை அப்படியே நீட்டினால் ‘9 எம்.எம்.’ வலையிலிருந்து மீண்டு ‘.380’ வலையில் விழுவோம். அட்டவணை சொல்வது பழைய பிரிட்டிஷ் சர்வீஸ் ரிவால்வரின் தோட்டா. எவர்சில்வர் டம்ளரின் வாய்போல அதன் அடிப்பாகம் கூட்டைவிட வெளியே நீண்டிருக்கும். ரிவால்வர் உருளையின் ஓரத்தில் அந்த விளிம்பு தங்கி நிற்கும். பிஸ்டல் தோட்டாவில் அப்படி நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பு இல்லை. கூட்டின் அடியில் ஒரு பள்ளம் ஓடும், அவ்வளவுதான். எண் ஒன்று, தோட்டா இரண்டு. இதை நீதிமன்றத்தில் வாயால் விளக்குவதைவிட ஆய்வக அறிக்கையில் வரவைப்பதே நல்லது என்று முடிவு செய்தோம். அதுவரை ரசீதுகளைத் தாக்கல் செய்யவில்லை.

ஜாமீனுக்கு செஷன்ஸ் நீதிமன்றத்தில் வைத்தது வேறு ஆவணம்: உரிமப் புத்தகம். அதில் கையெழுத்திட்டவர் கலெக்டர். தடை செய்யப்பட்ட வகைக்கு உரிமம் கொடுக்கும் அதிகாரம் மத்திய உள்துறை அமைச்சகத்திடம் இருக்கிறது. தேசிய உரிமத் தரவுத்தளத்தில் ஏறிய தனி அடையாள எண்ணும் புத்தகத்தில் இருந்தது. அந்தப் பதிவிலும் வகை ‘தடை செய்யப்படாதது’தான். அரசின் ஒரு கை பல பத்தாண்டுகளாகச் சாதாரண வகை என்று புதுப்பித்து வந்த பொருளை, இன்னொரு கை ஒரே நாளில் மாற்றி எழுதியிருக்கிறது என்று சொன்னோம். அரசு வழக்கறிஞர் எதிர்த்தார். ஆனால் பதிவேட்டை மறுக்கவில்லை. ஜாமீன் கிடைத்தது. அதற்குள் பையன் மூன்று வாரத்துக்கு அருகில் சிறையில் இருந்துவிட்டான்.

ஆய்வக அறிக்கை

அறிக்கை வரச் சில மாதங்கள் ஆயின. பிஸ்டல் சுடும் நிலையில் இருந்தது. மேகசின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தது, குழலின் உள்ளே துரு. ஒரு முறை இழுத்தால் ஒன்றுதான் சுட்டது. ராணுவ 9 மி.மீ. மாதிரித் தோட்டாவை ஏற்றியபோது கூடு நீளமாக இருந்ததால் மேல்பாகம் மூடவில்லை, சுட இயலவில்லை. கிடைத்த தோட்டாக்கள் 17 மி.மீ. கூடுள்ளவை, விளிம்பில்லாதவை. பிரிவு எண்களைப் பற்றி நிபுணர் எதுவும் எழுதவில்லை. அது அவர் வேலையும் இல்லை. அளவுகளே போதுமானவையாக இருந்தன.

அறிக்கை கிடைத்ததும் விசாரணை அதிகாரி பிரிவு மாற்ற அறிக்கை தாக்கல் செய்தார். 7, 25(1ஏ) நீங்கி, 3, 25(1பி)(ஏ) வந்தது. இதை அவர் யாரும் கேட்காமலேயே செய்தார் என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். அறிக்கையைப் படித்தவுடன், “அட்டவணையை நான் நேரா படிச்சதில்ல சார், ஸ்டேஷன்ல பி.பி., என்.பி.பி. பட்டியல் ஒண்ணு இருக்கும், அதுதான்” என்றார். என்.பி.பி. என்றால் தடை செய்யப்படாத குழல் அளவு. அந்தப் பட்டியலில் பி.பி. பக்கம் வெறும் ‘9 எம்.எம்.’ என்று இருந்ததாம்.

கலெக்டர் அலுவலகம்

இப்போது 39-ஆம் பிரிவு உயிர்பெற்றது. வழக்கு நடத்த அனுமதி கேட்டுக் கோப்பு கலெக்டரிடம் போனது. இந்தக் கட்டத்தில்தான் தேர்தல் ரசீதுகள், இறப்புச் சான்றிதழ், வாட்ஸ்அப் செய்தியின் முழு வடிவம் எல்லாவற்றையும் ஒரு மனுவோடு கொடுத்தோம். ஆயுதத்தை வைத்திருந்தான் என்று சொல்ல, அது இருப்பதை அறிந்து தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்தான் என்பது வேண்டும்; உச்ச நீதிமன்றம் 1972-லும் 1994-லும் இதைச் சொல்லியிருக்கிறது. பையன் பெட்டியைத் திறந்ததும், என்ன செய்வது என்று பெரியவர்களைக் கேட்டதும் ஒரே நாளில் நடந்தவை.

அனுமதி மறுக்கப்பட்டது. போலீஸ் மேல்நடவடிக்கையைக் கைவிடுவதாக அறிக்கை கொடுத்தது, மாஜிஸ்திரேட் ஏற்றுக்கொண்டார். ஒரு கேள்வி மட்டும் யாராலும் தொடப்படாமல் நின்றது. உரிமம் முடிந்த ஆயுதத்தைத் தேவையற்ற தாமதமின்றி ஒப்படைக்க வேண்டும் என்கிற 21-ஆம் பிரிவை மீறினால் 25(1பி)(எச்) தனியாக இருக்கிறது. அதற்கு 39-இன் கவசம் இல்லை. கணவரை இழந்த ஒரு பெண்மீது அதைப் போட்டிருந்தால் வழக்கு வேறு திசையில் போயிருக்கும். போடாதது நியாயம் என்றே கருதுகிறேன். ஆனாலும் குடும்பங்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

விளைவு

2016 விதிகளின்படி வாரிசு உரிமம் கேட்கும் வாய்ப்பு குடும்பத்துக்கு இருந்தது. அம்மா வேண்டாம் என்றார். “பதக்கம் போதும் சார், அதை மட்டும் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்க.” பதக்கங்களும் மகஜரில் சேர்ந்திருந்தன, தனி மனு போட்டு வாங்கினோம். பிஸ்டல் எழுத்துபூர்வ சம்மதத்தின் பேரில் அரசிடம் போனது.

பையனுக்கு ஒரு தொழிற்சாலையில் கிடைத்திருந்த வேலை, சேர வேண்டிய தேதியில் அவன் சிறையில் இருந்ததால் போய்விட்டது. வேறு வேலை கிடைக்க ஏறக்குறைய ஓர் ஆண்டு ஆனது. இந்த இழப்பு எந்த உத்தரவிலும் இல்லை.

மாற வேண்டியவை

மகஜரில் வகை எழுதக் கூடாது; கண்ணில் படுவதை எழுத வேண்டும். உலோகத்தில் பொறித்த எழுத்துகளை ஒன்றுவிடாமல், எந்த இடத்தில் உள்ளது என்ற குறிப்போடு எழுதி, ஸ்கேல் வைத்துப் படமெடுக்கலாம். தோட்டாவின் அடிப்பாகத்தை நேராக ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம். இவ்வளவு இருந்திருந்தால், துப்பாக்கி தெரிந்த எவரும் முதல் நாளே 17 மி.மீ. என்று சொல்லியிருப்பார்கள்.

உரிமப் புத்தகம் இருக்கிறது என்று வீட்டார் சொன்னால், ரிமாண்டுக்கு முன்பே கலெக்டர் அலுவலகத்து உரிமப் பதிவைப் பார்த்துவிட வேண்டும். ஒரு போன் போதும். யார் கொடுத்த உரிமம் என்பதே பாதிப் பதில். நிலையங்களில் தொங்கும் பழைய பட்டியல்களை எடுத்துவிட்டு அட்டவணையின் முழு வரியைத் தமிழில் ஒட்டினால் நல்லது. ‘ராணுவ’, ‘விளிம்புள்ள’, ‘ஏற்றிச் சுடக்கூடிய’ ஆகிய மூன்று சொல்லும் அதில் விடுபடக் கூடாது.

வழக்கறிஞர்களுக்கு: ஆய்வகத்துக்குப் போகும் கேள்விகளை நீங்களே எழுதிக் கொடுங்கள். இனி இப்படி வரும் வழக்கில் உரிமத் தரவுத்தளப் பதிவின் சான்றிட்ட நகலை ரிமாண்ட் நாளிலேயே மாஜிஸ்திரேட் முன் வைக்கப் போகிறேன். பிரிவே பொருந்தாது என்று அந்த மேடையில் சொல்ல அது இடம் கொடுக்கும்.

உரிமதாரர் இறந்தால், காரியம் முடிந்த கையோடு, துப்பாக்கியை நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிவிடுங்கள். வாரிசு உரிமம் கேட்பதா, விற்பதா, அரசிடம் விடுவதா என்பதைப் பிறகு முடிவு செய்யலாம். இப்போது ஒருவர் இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்கலாம், உரிமம் 5 ஆண்டு செல்லும். புத்தகத்தில் உள்ள முடிவுத் தேதியை வீட்டில் இன்னொருவருக்கும் தெரியப்படுத்துங்கள்.

வழக்கு முடிந்தாலும் எஃப்.ஐ.ஆர். எண் காவல்துறைக் கணினியில் இருக்கும். பாஸ்போர்ட் விசாரணையில் அது மேலே வரும். பையனுக்கு வந்தது. மாஜிஸ்திரேட் உத்தரவின் சான்றிட்ட நகலைக் காட்டியபின் விசாரணை முடித்துக் கொடுத்தார்கள்.